ஒரு சைக்கிள், இரண்டு கால் அளவுகள்

புதுச் சைக்கிளின் மேல் சுற்றியிருக்கும் பழுப்புக் காகிதத்தை விரலால் அழுத்தினால் ஒரு சத்தம் வரும். அப்பளம் நொறுங்குவதற்குச் சற்று முந்தைய சத்தம் அது. கூடவே டயர் ரப்பரின் வாசனையும், சங்கிலியில் தடவிய எண்ணெயின் வாசனையும் வரும். டயரின் இரு பக்கமும் சின்ன ரப்பர் முடிகள் நீட்டிக்கொண்டிருக்கும். முன் டயரில் எத்தனை என்று ஒரு முறை எண்ணத் தொடங்கி, நாற்பத்தாறில் அப்பா கூப்பிட்டதால் விட்டுவிட்டேன். அது இன்றுவரை எனக்கு ஒரு குறைதான்.

எழுபதுகளின் நடுவில், கிள்ளான் நகரத்துக்கு வடக்கே மேரு பக்கம் ஒரு பலகை வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். அப்பா அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. எனக்குப் பதின்மூன்று வயது, படிவம் ஒன்று, அதாவது ஏழாம் வகுப்பு. அக்காவுக்குப் பதினாறு, படிவம் நான்கு. அவளுக்குக் காலைப் பள்ளி, எனக்கு மதியப் பள்ளி. இரண்டு பள்ளிகளும் ஒரே சாலையில் அடுத்தடுத்து இருந்தன. வீட்டிலிருந்து மூன்றேகால் மைல். அதில் ஒன்றரை மைல் ரப்பர்த் தோட்டத்துச் செம்மண் பாதை. அந்த வழியாகப் பிள்ளைகளை ஏற்றிப்போன வேன்காரர் திடீரென்று ஓட்டத்தை நிறுத்திவிட்டார். அப்பா இரண்டு நாள் யோசித்தார். அதற்குள் அம்மா, "பொம்பளப் புள்ள தோட்டத்துப் பாதையில அம்புட்டு தூரம் நடக்கணுமா? நிறுத்திட்டுத் தையல் கத்துக்கட்டுமே" என்று சொல்லத் தொடங்கியிருந்தாள். அக்கா பாடப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் அப்பா முடிவு சொன்னார்: காலையில் அவளுக்கும் மதியம் எனக்குமாக ஒரே சைக்கிள்.

ஒரே சைக்கிள் என்றால் ஒரே "ஃபிரேம்", அதாவது சைக்கிளின் இரும்புச் சட்டம். சீட்டை ஏற்றலாம், இறக்கலாம், கைப்பிடியைத் திருப்பலாம், சட்டத்தை ஒன்றும் செய்ய முடியாது. இது எனக்கு அப்போது தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், எதை வாங்கினாலும் "வளர்ற புள்ளைக்கு" என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குவது. என் பள்ளிக் காற்சட்டையின் ஓரம் மூன்று மடிப்பு மடித்துத் தைக்கப்பட்டிருக்கும். என் வெள்ளைச் சப்பாத்து முனையில் செய்தித்தாள் திணித்திருக்கும். எங்கள் வரிசையில் இருந்த ஒன்பது வீட்டுப் பையன்களும் அப்படித்தான் நடந்தோம், வாத்து மாதிரி.

சனிக்கிழமை அப்பா, அக்கா, நான் மூவரும் கிள்ளானில் ஒரு சைக்கிள் கடைக்குப் போனோம். கடைக்காரர் சீனர், "தவுக்கே", அதாவது முதலாளி, என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். தோட்டத்து ஆட்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவார். அப்பா என் தலையில் கை வைத்து, "இவன் நாலடி எட்டு. இன்னும் ரெண்டு வருசத்துல அஞ்சடி தாண்டிடுவான்" என்று ஆரம்பித்தார்.

தவுக்கே கையை ஆட்டினார். "அங்கிள், தலை சைக்கிள் ஓட்டாதுலா. கால்தான் ஓட்டும். கால் அளக்கணும்."

அவர் அளந்த முறையை நான் இன்றும் மாற்றவில்லை. சுவரோடு ஒட்டி நிற்கச் சொல்லி, கெட்டி அட்டை போட்ட ஒரு புத்தகத்தை இரண்டு கால்களுக்கும் நடுவே மேலே முட்டும்வரை ஏற்றி, அதன் மேல் விளிம்பில் பென்சிலால் கோடு போட்டு, தரையிலிருந்து கோடு வரை நாடா பிடிக்க வேண்டும். சட்டத்தின் குறுக்குக் கம்பி அந்த அளவுக்கு ஓர் அங்குலமாவது கீழே இருக்க வேண்டும். தார் ரோடு என்றால் ஓர் அங்குலம் போதும். வேரும் பள்ளமும் உள்ள மண்பாதை என்றால் இரண்டு, மூன்று. ஏனென்றால் அங்கே திடீரென்று கால் ஊன்ற வேண்டிவரும், அப்போது கம்பி நம்மைக் கேட்காமல் அடிக்கும். குள்ளமான காலுக்குச் சட்டத்தை எடுத்து, நீளமான காலுக்குச் சீட்டை ஏற்றிக்கொள்ள வேண்டும். அக்காவையும் அளந்தார்: முப்பது. என்னைப் பார்த்தார்.

கடையில் இரண்டு சைக்கிள்கள் நின்றன. ஒன்று குறுக்குக் கம்பி உள்ள ஆண்கள் சைக்கிள், கறுப்பு. கம்பியின் உயரம் இருபத்தெட்டு அங்குலம். மற்றது கம்பி தாழ்ந்து வளைந்த பெண்கள் சைக்கிள், பச்சை. எங்கள் வரிசையில் எந்தப் பையனும் அந்தப் பச்சையில் ஏறமாட்டான். எங்கள் வழியில் பாதி மண்பாதை என்று தவுக்கேயிடம் நாங்கள் சொல்லவில்லை. ஆனாலும் என் கால் இருபத்தொன்பதைத் தொடாவிட்டால் கறுப்பு கிடைக்காது என்பது புரிந்தது. கடையில் உயரம் பார்ப்பார்கள் என்று காலையிலேயே சப்பாத்தில் கூடுதலாக வேலை செய்திருந்தேன்: முனையில் இருந்த செய்தித்தாளை எடுத்து, எட்டாக மடித்துக் குதிகாலுக்கு அடியில் வைத்திருந்தேன். அளவு பெரிய சப்பாத்து. உள்ளே குதிகால் எவ்வளவு தூக்கியிருக்கிறது என்று வெளியே தெரியாது. போதாதற்கு உள்ளுக்குள்ளேயே இன்னும் கொஞ்சம் எம்பினேன்.

"இருபத்தொன்பதேகால்" என்றார் தவுக்கே, நாடாவை இரண்டாம் முறை பார்த்து.

அக்கா மெதுவாக, "அப்பா, பச்சைதான் பாவாடைக்கு வசதி" என்றாள். அப்பா என்னைப் பார்த்தார், கறுப்பைப் பார்த்தார். "பையன் நாளைக்கு வேலைக்குப் போனாலும் இதுலயே போவான். நீ எப்படியாவது சமாளிச்சுக்கம்மா" என்றார். கறுப்புச் சைக்கிள் லோரியில் ஏறி வீட்டுக்கு வந்தது. "பேப்பரக் கழட்டாத. கழட்டினா பழசாயிடும்" என்று அப்பா கட்டளை போட்டார். எங்கள் வீட்டில் நாற்காலிகூட மூன்று வருடம் பிளாஸ்டிக் உறையோடுதான் இருந்தது.

ஞாயிறு காலை யாரும் எழும் முன் அதை முற்றத்தில் நிறுத்தி, வெறுங்காலோடு ஏறிப் பார்த்தேன். நின்றபடி இரு கால்களையும் ஊன்றியபோது கம்பி உடம்பில் இடித்தது. அசல் கால் அளவு இருபத்தேழே முக்கால். கால் அங்குலம் பற்றாது. நாலு மிதி மிதித்துத் தடுமாறி இறங்கியதில் வலி தலைக்கு ஏறி, கோழிக்கூண்டைப் பிடித்துக்கொண்டு நூறுவரை எண்ணினேன். யாரிடமும் சொல்லவில்லை. வளர்ந்துவிடுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பத்து மணிக்கு அக்கா பள்ளிச் சீருடையை மாட்டிக்கொண்டு வந்தாள். நீலப் பினாஃபோர், முழங்காலுக்குக் கீழே. கம்பிக்கு மேல் காலைத் தூக்கினால் பாவாடை இடுப்புவரை ஏறியது. இறக்கிவிட்டுக்கொண்டு மறுபடி முயன்றாள். பக்கத்து வீட்டு வாசலில் இரண்டு பையன்கள், "ஏய், சர்க்கஸ் வந்திருச்சுடா!" என்று கத்தினார்கள். மூன்றாம் முறை அவள் முயலவில்லை. சைக்கிளைச் சுவரில் பத்திரமாகச் சாய்த்துவிட்டு உள்ளே போய், "நான் பள்ளிக்கூடத்துலருந்து நின்னுக்கிறேன்பா. தம்பி போகட்டும்" என்றாள். அழவில்லை. அம்மா உடனே, "நான் அப்பவே சொன்னேன்" என்றாள். அப்பா செய்தித்தாளைத் திருப்பினார். படிக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் அது வெறும் விளம்பரப் பக்கம்.

 சாயங்காலம்வரை மனத்துக்குள் கணக்குப் போட்டேன். நான் நேராக நின்றிருந்தால் கறுப்பு கிடைத்திருக்காது, பச்சைதான் வந்திருக்கும், அக்கா நாளைக்குப் பள்ளியில் இருப்பாள். எத்தனை முறை போட்டாலும் அதே விடைதான். விளக்கு வைத்ததும் சப்பாத்தைக் கொண்டுவந்து அப்பாவின் முன் வைத்து, உள்ளிருந்த காகித மடிப்பை எடுத்து நீட்டினேன்.

"என்னடா இது?"

"குதிகாலுக்குக் கீழ வச்சிருந்தேன்பா. என் கால் இருபத்தொன்பது இல்ல."

அப்பா அடிப்பார் என்று நினைத்தேன். அவர் எழுந்து போய் அம்மாவின் தையல் நாடாவைக் கொண்டுவந்து, சுவரோடு நிற்கச் சொல்லி, என் பாடப் புத்தகத்தையே வைத்து வெறுங்காலோடு அளந்தார். பிறகு சப்பாத்தை என் காலில் மாட்டச் சொல்லி, தன் கட்டைவிரலை அதன் குதிகால் பக்கம் விட்டுப் பார்த்தார். விரல் முழுதாக உள்ளே போனது. "இவ்வளவு பெருசாவா வாங்கியிருக்கேன்" என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை அவர் அரைநாள் விடுப்புப் போட்டார். கடையில் சைக்கிளை நிறுத்தி, "தவுக்கே, இவன் கால் ரெண்டு நாள்ல ஒன்றரை இஞ்சி குறைஞ்சு போச்சு" என்றார்.

தவுக்கே என் கால்களைப் பார்த்தார், சப்பாத்தைப் பார்த்தார், கடை அதிரச் சிரித்தார். "ஹையா! மத்தப் பையன் கால் எல்லாம் வளரும்லா, இவன் கால் மட்டும் சுருங்குது!" பிறகு சக்கரத்தைச் சுற்றி டயர் முடிகளைத் தடவினார், ஒன்றும் தேயவில்லை. பழுப்புக் காகிதம் சுற்றியபடியே இருந்தது. வேறெதுவும் கேட்காமல் பச்சையை வெளியே எடுத்தார். அன்று அப்பாவின் ஒரு பழக்கம் எங்களைக் கெடுத்தது, இன்னொரு பழக்கம் காப்பாற்றியது.

பச்சையில் நான் பள்ளிக்குப் போன முதல் நாள், "டேய், தாவணி எங்கடா?", "அக்கா, மணி அடிங்கக்கா!" என்று வாசலில் பதினோரு பேர் நின்று கத்தினார்கள். உண்மையிலேயே மணியை அடித்துக்கொண்டு நுழைந்தேன். ஒரு மாதத்தில் அவர்கள் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். மழைக்காலத்தில் செம்மண் பாதையில் பெரிய சைக்கிள் வைத்திருந்தவர்களெல்லாம் விழுந்து எழுந்தபோது நான் காலை ஊன்றி நின்றேன். அளவு சரியாக இருந்தால் பயம் பாதி போய்விடும். இதை நான் எங்கேயும் உறுதியாகச் சொல்வேன்.

அக்காவின் பள்ளி முடிவதற்கும் என் பள்ளி தொடங்குவதற்கும் நடுவே நாற்பது நிமிடம்தான். அதனால் அவள் தோட்டப் பாதை முடியும் சின்னப் பாலம்வரை சைக்கிளில் வருவாள்; நான் அதுவரை நடந்துபோய் வாங்கிக்கொள்வேன்; அங்கிருந்து அவள் தோட்டத்துப் பெண்களோடு சேர்ந்து நடந்து வீட்டுக்குப் போவாள். சீட்டுக் குழாயில் அவள் உயரத்துக்கு ஒன்று, என் உயரத்துக்கு ஒன்று என்று சிவப்புச் சாயத்தில் இரண்டு கோடுகள். நான் ஸ்பேனரால் சீட்டை இறக்கும்போது அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பேசுவாள். "பின் பிரேக் இழுக்குதுடா." "கணக்குல எண்பத்திரண்டு." "டீச்சர் என்னைப் படிவம் ஆறு படிக்கச் சொல்றாங்க, அப்பாகிட்ட நீ சொல்றியா?" சொன்னேன். படித்தாள்; பிறகு ஆசிரியையாகி முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தாள்.

இப்போது என் தம்பி முறையானவர்களின் பிள்ளைகள் கைப்பேசியில் மவுண்டன் பைக் வாங்குகிறார்கள். உயரத்தைத் தட்டினால் எஸ், எம், எல் என்று ஓர் எழுத்து வந்துவிடுகிறது. போன மாதம்கூட ஒருவன், "அங்கிள், ரிலேக்ஸ்லா, கம்பெனிக்காரனுக்குத் தெரியாதா?" என்றான். சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, சுவரோடு நிறுத்தி அளந்தேன். ஓர் அளவு சிறியதாக மாற்றினான். அவன் முழங்காலை நினைத்து நான் இரண்டு நாள் தூங்காதது அவனுக்குத் தெரியாது.

அந்தத் தோட்டம் இப்போது இல்லை. தொழிற்சாலைகளும் கன்டெய்னர் லோரிகளும்தான். பாலத்தை எங்கே தேடுவது என்றுகூடத் தெரியவில்லை. இரண்டு வருடத்தில் அங்கே நாங்கள் சைக்கிள் கைமாற்றியது முந்நூற்று எழுபத்தொரு முறை. நாட்காட்டியில் குறித்து வைத்திருந்தேன். அக்கா சுபாங் ஜெயாவில் இருக்கிறாள், நான் பிரிக்பீல்ட்ஸில். சாலை நன்றாக இருக்கிறது, அரை மணி நேரம்கூட ஆகாது. போன வருடம் நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டது நாலு முறை.