ஆண்டிமடமா, ஜெயங்கொண்டமா?

பைக்கை சர்வீசுக்கு விட வருகிறவர்கள் பெரும்பாலும் பிரேக்கைப் பற்றியோ மைலேஜைப் பற்றியோதான் குறை சொல்வார்கள். பெரம்பலூரில் துறையூர் ரோட்டில் இருக்கும் ஒரு சர்வீஸ் சென்டரின் கவுண்டரில் உட்கார்ந்து, பதினோரு வருஷமாக அதையெல்லாம் எழுதிக்கொள்கிறவர் வெற்றிச்செல்வி. ஆனால் போன டிசம்பர் முதல் வாரத்தில் வந்தவர்கள் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால், கால்பந்தைப் பற்றி ஒன்பது வார்த்தை சொன்னார்கள்.

"ஆண்டிமடத்த விட்டுட்டு ஃபைனல் நடத்துனா அது ஃபைனலே இல்லிங்க மேடம்," என்றார் ஒருவர், சாவியைக் கொடுத்துக்கொண்டே.

அவருக்குப் பின்னால் நின்றவர் விடவில்லை. "அண்ணே, ஆண்டிமடம் யாரோட வெளையாடுச்சு? சும்மா வந்து நின்ன டீமை அடிச்சா போதுமா? ஜெயங்கொண்டம் பெரம்பலூரையே தண்ணி குடிக்க வெச்சுச்சுல்ல?"

வெற்றிச்செல்வி இருவரிடமும் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று மட்டும் கேட்டார். வேறு எதுவும் பேச முடியாத இடத்தில் அவர் இருந்தார். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டப் பெண்கள் கல்லூரிக் கால்பந்துப் போட்டியில், ஃபைனலுக்குப் போகும் அணியை முடிவு செய்யும் மூன்று பேரில் அவர் ஒருவர்.

வெற்றிச்செல்வியின் சொந்த ஊர் சிறுவாச்சூருக்குப் பக்கம். அப்பா செல்லக்கண்ணு பிறத்தியார் காட்டில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர், பிறகு கொத்தனார் ஆனார். பள்ளியில் கோகோ அணியில் இடம் இல்லை என்றதால்தான் வெற்றிச்செல்வி கால்பந்துக்குப் போனார். போனவர் பல்கலைக்கழக அணி வரைக்கும் ஆடினார். இருபத்திரண்டு வயதில் முழங்காலில் தசைநார் கிழிந்தது. ஆட முடியாது என்று டாக்டர் சொன்ன மறுமாதமே நடுவர் தேர்வுக்கு எழுதிப் போட்டார். தேர்வு எழுதிய முப்பத்தாறு பேரில் அவர் ஒருவர்தான் பெண்.

முதலில் கிடைத்தது ஒரு ஆண்கள் ஆட்டம். பொம்பளைப் பிள்ளை ஊதுகிற விசிலுக்கு எவன் நிற்பான் என்று கோட்டுக்கு வெளியே பேசிக்கொண்டார்கள். முதல் பத்து நிமிஷத்தில் மூன்று பேருக்கு மஞ்சள் அட்டை காட்டினார். நான்காவது அட்டைக்கு அன்று வேலை இருக்கவில்லை. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மைதானம், சர்வீஸ் சென்டர் வேலை கிடைத்த பிறகு மீதி ஆறு நாள் கவுண்டர் என்று ஓடுகிறது. கணவர் மணிவண்ணன் அரியலூரிலிருந்து சிமெண்ட் லோடு ஏற்றும் லாரி ஓட்டுகிறார். அவருக்குச் சொந்த ஊர் ஆண்டிமடம். இதுதான் அந்த வாரத்தின் பெரிய சிக்கல். ஆண்டிமடம் அணியின் கோல்கீப்பர் சக்தி, மணிவண்ணனின் அக்கா மகள்.

போட்டியில் மொத்தம் ஆறு கல்லூரிகள். கல்லூரிப் பெயரை யாரும் சொல்வதில்லை, ஊர்ப் பெயர்தான். ஒவ்வொரு அணியும் மற்ற ஐந்தோடும் ஆடவேண்டும், முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் ஃபைனலில் மோத வேண்டும் என்பது ஏற்பாடு. நவம்பர் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. மைதானத்தில் கோல் கம்பத்துக்கு முன்னால் கொக்கு நின்றது. கடைசி இரண்டு ஆட்டங்கள் நடக்கவில்லை, இரண்டுமே ஆண்டிமடத்தின் ஆட்டங்கள். பெரம்பலூரோடு ஒன்று, ஜெயங்கொண்டத்தோடு ஒன்று. திங்கட்கிழமையிலிருந்து செமஸ்டர் தேர்வு. அதற்கு முந்தைய ஞாயிறு ஒன்றுதான் மிச்சம். அன்று ஃபைனலை மட்டும் நடத்தலாம்.

பெரம்பலூர் நான்கு ஆட்டத்திலும் ஜெயித்திருந்தது. அதில் பேச்சே இல்லை. எதிரில் யார் என்பதுதான் கேள்வி. ஆண்டிமடம் மூன்று ஆடி மூன்றிலும் வெற்றி, வாங்கிய கோல் ஒன்றுகூட இல்லை. ஜெயங்கொண்டம் நான்கு ஆடி மூன்றில் வெற்றி. பெரம்பலூரிடம் மட்டும் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றது. 'ஆட்டங்கள் முழுமையாக நடைபெறாத நிலையில் குழுவின் முடிவே இறுதியானது' என்று விதிப்புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. இத்தனை வருஷமாக அதை யாரும் படித்ததில்லை. இப்போது டீக்கடையில்கூட அதை ஒப்பித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் உடையார்பாளையத்திலிருந்து பிச்சைமுத்து என்பவர் வண்டி விட வந்தார். வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். மகள் தமிழ்மொழி ஜெயங்கொண்டம் அணியில் முன்வரிசை ஆட்டக்காரி.

"நீங்கதான அன்னைக்கி ரெஃப்ரி," என்று கேட்டார்.

வெற்றிச்செல்வி சண்டைக்குத் தயாரானார். பெரம்பலூரோடு நடந்த ஆட்டத்தில், முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது தமிழ்மொழி அடித்த கோலை ஆஃப்சைடு என்று விசில் ஊதி மறுத்தது அவர்தான். அது கோலானால் இரண்டுக்கு இரண்டு.

பிச்சைமுத்து சண்டைக்கு வரவில்லை. போனை எடுத்துக் கவுண்டர் மேல் வைத்தார். "கோலு போனா போவுதுங்க. ஆஃப்சைடுன்னா ஆஃப்சைடுதான், எனக்கு அதெல்லாம் தெரியாது. எம்புள்ள ஓடுற ஓட்டத்த மட்டும் பாருங்க. ரெண்டு பேரத் தாண்டி போறா பாருங்க."

மரத்தடியில் உயரமான மேட்டிலிருந்து எடுத்த வீடியோ அது. வெற்றிச்செல்வி பார்த்தார். தமிழ்மொழி ஓடினாள். அவளுக்குப் பந்தைத் தட்டிவிட்ட நொடியில், திரையின் ஓரத்தில் பெரம்பலூர் அணியின் மஞ்சள் பனியன் ஒன்று தெரிந்தது. அந்தப் பெண் குனிந்து பூட்ஸ் லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். தமிழ்மொழியைவிட நான்கடி கோலுக்குப் பக்கத்தில்.

"இன்னொரு தடவ போடுங்க," என்றார் வெற்றிச்செல்வி.

மூன்று தடவை பார்த்தார். கோல்கீப்பரைத் தவிர எதிரணியில் இன்னொருத்தி அப்படிக் கோலுக்குப் பக்கத்தில் இருந்தால் அது ஆஃப்சைடே இல்லை. அன்று அந்தப் பக்கக் கோட்டோரம் ஆஃப்சைடு பார்த்துக் கொடி காட்ட வேண்டியவர் பஸ்ஸை விட்டுவிட்டதால், கல்லூரி வாட்ச்மேன் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெற்றிச்செல்வி நின்ற இடத்திலிருந்து, குனிந்திருந்தவளை மூன்று பேர் மறைத்திருந்தார்கள். காரணம் என்னவோ இருக்கட்டும், விசிலை ஊதியது அவர்.

"இத எனக்கு அனுப்புறீங்களா?"

"எதுக்குங்க மேடம்?"

"ஓட்டம் நல்லா இருக்குங்க," என்றார். அதுவும் பொய் இல்லை.

சாயங்காலம் மணிவண்ணன் லாரியை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்ததும் வெற்றிச்செல்வி வீடியோவைக் காட்டினார். அவர் பார்த்துவிட்டுக் கொஞ்சநேரம் காலைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"வேற யாருக்கும் தெரியாதுல்ல?"

"எனக்குத் தெரியுதே."

"நீ இதச் சொன்னா ஆண்டிமடம் வெளிய போயிடும்."

"ஆமா."

"அக்காகிட்ட நான் பேசிக்கிறேன்," என்றார் மணிவண்ணன். கொஞ்சம் யோசித்து, "எங்கம்மாகிட்ட மட்டும் நீயே சொல்லிடு, செல்வி," என்று சேர்த்துக்கொண்டார்.

புதன்கிழமை குழு கூடியது. குழுவில் மற்ற இருவர் ராசாங்கம் சாரும் ஜெயசீலனும். ராசாங்கம் அரியலூரில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச ஆரம்பித்தால் எழுந்து நின்றுவிடுவார். ஜெயசீலன் பெரம்பலூரில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறார். அந்தக் கடையின் மாடியில், காற்று அடைக்காத பந்துகளுக்கு நடுவில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

"மழை பேஞ்சதுக்கு ஆண்டிமடம் என்ன பண்ணும்?" என்று ராசாங்கம் எழுந்து நின்றார். "வந்த டீமையெல்லாம் அடிச்சாச்சு. ஒரு கோல் வாங்கல. தோக்காத டீமை வீட்டுக்கு அனுப்பிட்டு, தோத்த டீமை ஃபைனல்ல எறக்குறதா? எந்த ஊர் நியாயம்யா இது?"

"வந்த டீம் எதுன்னு பாக்கணும் சார்," என்றார் ஜெயசீலன். "ஒண்ணு ஒம்போது பேரோட வந்துச்சு. அதுலயும் ஒரு புள்ள செருப்போட நின்னுச்சு, நான்தான் கடைலேர்ந்து பூட்ஸ் குடுத்தேன்."

"அதே ஒம்போது பேர் டீம்கிட்ட ஜெயங்கொண்டம் ஒரு கோல் வாங்குச்சே, அதச் சொல்லு."

"அது பதினோரு பேரா இருந்தப்ப சார்."

இப்படியே முக்கால் மணி நேரம் போனது. ஆளுக்கொரு பக்கம் நின்றாகிவிட்டது. இருவரும் ஒரே நேரத்தில் வெற்றிச்செல்வியின் பக்கம் திரும்பினார்கள். அவர் போனை எடுத்து வீடியோவைப் போட்டார்.

"நான் ஊதுனது தப்பு," என்றார்.

ராசாங்கம் உட்கார்ந்துவிட்டார். வீடியோவைக் கண்ணாடி போட்டு ஒருமுறை, கழற்றி ஒருமுறை பார்த்தார். "ஊதுன விசில் ஊதுனதுதாம்மா. இன்னைக்கி இத எடுத்தா, நாளைக்கி ஒவ்வொருத்தனும் ஒரு போனத் தூக்கிக்கிட்டு வருவான்."

"ரிசல்ட்ட மாத்தச் சொல்லல சார். அது ரெண்டுக்கு ஒண்ணுதான், அப்படியே இருக்கட்டும். நாம இப்ப பாக்குறது யாருக்குத் தகுதி இருக்குன்னுதான. ஜெயங்கொண்டம் தோத்த டீமுன்னு சொல்லி ஒதுக்குறோம். அவங்கள தோக்க வெச்சது நான். அது தெரிஞ்சும் நான் எப்படிங்க சார் கையெழுத்துப் போடுறது?"

ஜெயசீலனுக்கு அவர் பக்கம் ஜெயித்துவிட்டது என்று தெரிந்தும் முகத்தில் சந்தோஷம் இல்லை. "இதெல்லாம் வெளிய எழுதணுமா தங்கச்சி? ஜெயங்கொண்டம்னு மட்டும் போட்டுடலாமே. உன்னயக் கிழிச்சுடுவானுங்க."

"காரணம் போடாம போட்டா ஆண்டிமடத்துப் புள்ளைங்க என்ன நெனைக்கும்ணே?"

இரண்டு ஓட்டுக்கு ஒரு ஓட்டு என்று ஜெயங்கொண்டம் தேர்வானது. ராசாங்கம் தன் மறுப்பை அழகான கையெழுத்தில் அரைப் பக்கம் எழுதினார். நடுவரின் தவறையும் அவரே எழுதினார், அதில் ஒரு கடுஞ்சொல்லும் இல்லை. பிறகு, ஃபைனலுக்கு நடுவராக வெற்றிச்செல்வியின் பெயர் இருந்த இடத்தை அடித்துத் திருச்சியிலிருந்து ஒருவரை எழுதினார். "வேற வழி இல்லம்மா," என்றார். வெற்றிச்செல்வி தலையாட்டினார். பதினாறு வருஷத்தில் அவருக்குக் கிடைத்த முதல் ஃபைனல் அது.

அன்று சாயங்காலத்துக்குள் வீடியோ இரண்டு மாவட்டமும் சுற்றியது. சர்வீஸ் சென்டரில் ஒருவர், "மேடம், வண்டி நம்பர சரியா பாத்து எழுதுங்க," என்றார். வெற்றிச்செல்வியும் சிரித்தார். ஆண்டிமடத்தில் யாரும் சிரிக்கவில்லை. மாமியார் முத்தாயிக்கு அவரே போன் செய்து சொன்னார். "ஏம்மா, தப்பு பண்ணது நீயி. தண்டனை எம்பேத்திக்கா?" என்று கேட்டுவிட்டு முத்தாயி போனை வைத்துவிட்டார். சக்தி போனையே எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. வெற்றிச்செல்வி சுடிதார் போட்டுக்கொண்டு பார்வையாளர்களோடு உட்கார்ந்தார். கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிற பழக்கமே அவருக்கு விட்டுப்போயிருந்தது. முதல் இருபது நிமிஷத்திலேயே ஜெயங்கொண்டம் மூன்று கோல் வாங்கியது. அவர்களுடைய முக்கியமான தடுப்பாட்டக்காரிக்குக் காய்ச்சல். தமிழ்மொழியைச் சுற்றி எப்போதும் இரண்டு மஞ்சள் பனியன். கடைசியில் ஐந்துக்குப் பூஜ்யம். ஒவ்வொரு கோலுக்கும் கூட்டத்தில் பாதிப் பேர் மைதானத்தைப் பார்த்தார்கள், மீதிப் பேர் வெற்றிச்செல்வியைப் பார்த்தார்கள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் போனில் ஒரு செய்தி வந்தது. சக்தி.

'அஞ்சு கோல் அத்தை. நானா இருந்தா ரெண்டுதான் விட்டிருப்பேன்.'

'ரெண்டுன்னு எப்படித் தெரியும்?' என்று இவர் பதில் போட்டார்.

கொஞ்சம் கழித்து வந்தது. 'தெரியாதுல்ல. அதான் கோவம்.'

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அதை மறுபடி படித்தார். அவர் எடுத்த முடிவு சரி என்பதில் இப்போதும் சந்தேகம் இல்லை. ஆனால் பதினோரு பெண்கள், தாங்கள் எவ்வளவு நல்ல அணி என்று தெரியாமலே தேர்வு எழுதப் போகிறார்கள். அதை யாரும் எந்தக் கூட்டத்திலும் பேசவில்லை.

மறுநாள் பிச்சைமுத்துவுக்குப் போன் செய்தார். பொங்கல் லீவில் ஜெயங்கொண்டம் அணி ஆண்டிமடம் வந்து ஒரு ஆட்டம் ஆடுமா என்று கேட்டார். கோப்பை கிடையாது, ஒன்றும் கிடையாது. "வராம? அஞ்சு வாங்குனதுலேர்ந்து எம்புள்ள வூட்டுல யாரோடவும் பேசல. எங்கயாச்சும் போயி ஆடுனாத்தான் சரியாவும்," என்றார் பிச்சைமுத்து.

ஆண்டிமடத்தில் முந்திரிக்காட்டை ஒட்டி ஒரு பொட்டல் இருந்தது. கருவேலஞ்செடியை வெட்டி, கல் பொறுக்கி, கோடு போட்டார்கள். கோல் கம்பத்தை பிச்சைமுத்து தன் பட்டறையில் பற்றவைத்து டாடா ஏஸில் ஏற்றிக்கொண்டு வந்தார். யார் நடுவர் என்று பேச்சு வந்தபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். முத்தாயிதான் வாயைத் திறந்தார்.

"எம்மருமவளையே ஊதச் சொல்லுங்க. தப்பா ஊதுனா அவளே வந்து சொல்லிடுவா."

காணும் பொங்கலன்று ஆட்டம். முதல் பாதியில் ஆண்டிமடம் ஒரு கோல் போட்டது. சக்தி நான்கு முறை பாய்ந்து பந்தைப் பிடித்தாள். ஒருமுறை தமிழ்மொழி மூன்றடி தூரத்திலிருந்து அடித்ததை முழங்காலால் தடுத்தாள். எண்பதாவது நிமிஷத்தில் அதே தமிழ்மொழி தலையால் முட்டிச் சமன் செய்தாள். ஒன்றுக்கு ஒன்று. வெற்றிச்செல்வி முடிவு விசில் ஊதினார். யாரும் வீடியோ கேட்கவில்லை. சக்தி கையுறையைக் கழற்றிவிட்டு நேராக அவரிடம் வந்து, வியர்வையோடு தோளில் சாய்ந்தாள்.

"அந்தத் தலைக்கோலு நான் தடுத்திருக்கணும் அத்தை."

"தடுத்திருக்கலாம். அர செகண்டு லேட்டா கெளம்புன."

"இப்பவாச்சும் தெரிஞ்சுது," என்றாள் சக்தி.

மரத்தடியில் கறிச்சோறு போட்டார்கள். ராசாங்கமும் ஜெயசீலனும் அழைக்காமலே வந்திருந்தார்கள். இரண்டு அணியும் சமம் என்றாகிவிட்டதால் கோல் கணக்குப்படி ஆண்டிமடம்தான் போயிருக்க வேண்டும் என்றார் ராசாங்கம். பெரம்பலூரோடு மோதிப் பார்த்த அணிக்குத்தான் கூடுதல் மதிப்பு என்றார் ஜெயசீலன். இலையை எடுத்த பிறகும் பேச்சு ஓயவில்லை. கடைசியில் ஒன்றில் மட்டும் மூவரும் ஒத்துப்போனார்கள். அடுத்த வருஷம் போட்டியை ஜூலையிலேயே ஆரம்பித்துவிடுவது. அந்தக் குழு ஒருமனதாக எடுத்த முதல் முடிவு அதுதான்.