கசங்காத சட்டைக்கை

உப்பளம் பகுதியில் கொளஞ்சியின் இஸ்திரிக் கடைக்கு வருகிறவர்கள் அவள் தம்பியைப் பற்றி விசாரிக்காவிட்டால், அவளே சொல்லிவிடுவாள். அப்பா வேலை பார்த்த மில் மூடியதும் எட்டாவதோடு படிப்பை விட்டவள் அவள். தம்பி இளம்பரிதியோ மூளை ஆராய்ச்சி செய்கிற டாக்டர். "ஊசி போடுற டாக்டர் இல்ல" என்றும் மறக்காமல் சேர்த்துக்கொள்வாள்.

அவன் எதை ஆராய்கிறான் என்பதையும் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தாள். இஸ்திரிப் பெட்டியைக் காட்டித்தான் அவன் சொன்னான்.

"மூளையில செல்லு மேல ஏற்பின்னு ஒண்ணு இருக்குக்கா, சேதி வாங்கறதுக்கு. பாதி வெளிய, பாதி உள்ள. வெளிய டோபமைன்னு ஒரு ரசாயனம் வந்து தொட்டா, உள்ள ஒரு புரதம் சேதிய வாங்கிக்கினு ஓடும். அப்புறம் இன்னொரு புரதம் வந்து ஏற்பியப் புடிச்சி அடக்கும். சமயத்துல செல்லுக்குள்ளயே இழுத்துக்கும். உன் பொட்டி சூடேறினா டிக்குனு கட்டாவுதுல்ல, அந்த மாதிரி."

"கட்டாவலன்னா துணி பொசுங்கிடும். சூடே ஏறலன்னா?"

"அதான் நடுக்குவாத நோவு. டோபமைன் கொறஞ்சிடும். உள்ள இருக்கறதுங்க சேதிக்குக் காத்துக் கெடக்கும். நடக்கச்சொல்ல ஒரு கை மட்டும் ஆடாது. நடுக்கம் பல பேருக்குப் பொறவுதான். கூட இருக்கறவங்களே கவனிக்க மாட்டாங்க."

தம்பியின் சட்டைகளை மட்டும் கொளஞ்சி தன் கையாலேயே துவைத்துக் கஞ்சி போடுவாள். ஊறவைக்குமுன் காலர், பித்தான், கை எல்லாவற்றையும் விரித்துப் பார்ப்பது அவள் பழக்கம். கஞ்சி போட்ட முழுக்கைச் சட்டை ஒருநாள் போட்டால் இரண்டு அக்குளிலும் விசிறி மடிப்பாகக் கசங்கும். அன்று எடுத்த சட்டையில் வலது கை அப்படித்தான் கசங்கியிருந்தது. இடது கை அவள் தேய்த்துக் கொடுத்த கோடு கலையாமல் இருந்தது.

அடுத்த சட்டையை எடுத்தாள். அதிலும் அப்படியே. மூன்றாவதை விரிக்க அவளுக்குக் கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் வந்ததும் பால் வாங்க அனுப்பிவிட்டு வாசலில் நின்றாள். வலது கை வீசியது. இடது கை யாருடையதோ போல ஒட்டிக்கொண்டு போனது.

"என்னக்கா, பொண்ணு பாக்கற மாதிரி பாக்கற?" என்று சிரித்துக்கொண்டே திரும்பி வந்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சொல்லாமல் விட்டால் இன்னும் எத்தனை நாள் அவன் இப்படிச் சிரிப்பான் என்று ஒரு கணம் ஆசைப்பட்டாள். பிறகு துவைக்காத சட்டைகளைக் கொண்டுவந்து மேசைமேல் பரப்பினாள்.

"இடது கையப் பாருடா."

பார்த்தான். அவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. இடது கையைத் தூக்கிக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகவேகமாகத் தட்டினான். நாலைந்து தட்டுக்குப் பின் விரல்கள் விரிவது சிறுத்துச் சிறுத்துத் தயங்கியது.

"எப்பலேருந்து?" அவன் குரல் தாழ்ந்திருந்தது.

"நீ சொல்லுடா. நீதான படிச்சவன்."

"எலியில பாத்தேன்க்கா. என்னப் பாக்கல."

மறுநாள் நரம்பு டாக்டரிடம் காட்டுவதாக அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். புறப்படும்போது அவளுக்காக, அணிவகுப்பில் போகிறவன்போல் இரண்டு கைகளையும் வீசி நடந்தான். கரண்டுக் கம்பம் வரை வீசினான். அங்கே செல்போன் அடித்தது. வலது கையால் எடுத்துப் பேசிக்கொண்டே நடந்தான்.

இடது கை நின்றுவிட்டிருந்தது.