போன அரை ஷிப்ட்

அமெரிக்காவில் பேங்குகள் விழுந்துவிட்டதாகச் சொன்ன வருஷம் அது. திருப்பூர் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நான் செக்கிங் டேபிளில் இருந்தேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் ஒரு தையல் விட்டிருந்தால் விரல் பட்டதுமே சொல்லிவிடுவேன். நான் பார்த்து அனுப்பிய பீஸ் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் கூட்டம். சென்னையிலிருந்து ஒரு பொருளாதார நிபுணர் வந்திருந்தார். பேப்பரில் வாராவாரம் எழுதுகிறவர். நாடு எப்படிப் போகிறதென்று அவர் சொன்னால் டெல்லியில் காது கொடுப்பார்களாம். நாற்காலி காலியாகத் தெரியக் கூடாதென்று எங்கள் சூப்பர்வைசர் எங்களையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்.

நிபுணர் நன்றாகத்தான் பேசினார். கடைசியில், "பத்துக் கம்பெனியில் விசாரித்தேன். யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. திருப்பூர் தாங்கிக்கொண்டது. இதைத்தான் எழுதப்போகிறேன்" என்றார். முன்வரிசை கை தட்டியது.

நான் எழுந்துவிட்டேன்.

"ஆத்தா, உக்காருங்க. இது டீக்கடை இல்லீங்க" என்று சூப்பர்வைசர் பல்லைக் கடித்தார்.

"டீக்கடையில நீ பேசு கண்ணு. இங்க நான் பேசிக்கறேன்" என்றுவிட்டு மேடையைப் பார்த்துக் கேட்டேன்.

"ஏனுங்க சார், கம்பெனிக்கெல்லாம் எத்தன மணிக்குப் போனீங்க?"

"காலையில் பதினொரு மணிக்கும்மா."

"அப்ப எல்லாரும் இருப்பமுங்க. சாயந்திரம் ஆறரைக்குப் போய்ப் பாத்தீங்களா?"

எங்கள் ஊரில் ஒரு நாள் என்றால் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்கு உள்ளே போனால் ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட் முடியும். டீ, போண்டா. பிறகு எட்டரை வரைக்கும் அரை. வீட்டு வாடகையும் பிள்ளைகள் படிப்பும் அந்த அரையில்தான் ஓடின. ஆர்டர் குறைந்ததும் அதைத்தான் முதலில் வெட்டினார்கள். யாரையும் போகச் சொல்லவில்லை. அதனால் எதுவும் போனதாக அவருக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் சொன்னேன். "ஒரு குறையும் இல்லீன்னு நீங்க எழுதிட்டா, எங்களுக்கு ஒத்தாச கேட்டுக் கவர்மெண்ட்டுக்குப் போன மனுவெல்லாம் குப்பைக்குப் போயிருமுங்க."

"அது உங்கள் கம்பெனி நிலவரமாக இருக்கலாம்மா."

"இப்ப ஒன்னர ஷிப்ட் பாக்கறவங்க இங்க இருந்தாக் கை தூக்கச் சொல்லுங்க."

கை தூக்கினால் வம்பு என்று பயப்படுகிற கூட்டம் அது. அன்றைக்குத் தூக்காமல் இருந்ததே பதிலாகிவிட்டது. மண்டபத்தில் ஒரு கைகூட எழவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

திரும்பும்போது வேனில் சூப்பர்வைசர், "நாளைக்கு மொதலாளிகிட்ட ஒரு மன்னிப்புக் கேட்ருங்க ஆத்தா. இல்லாட்டி டேபிள்ல வேற ஆளுங்க" என்றார்.

"பொய் சொல்லியிருந்தாக் கேக்கறேன் சாமி."

மறுநாள் எட்டரைக்குப் போனேன். என் இடத்தில் ஒரு பெண்ணை உட்கார வைத்திருந்தார்கள். நான் பக்கத்தில் நின்றுகொண்டே பீஸைப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தேன். அவள் சரியென்று தள்ளியதில் தையல் விட்ட மூன்றை எடுத்துச் சூப்பர்வைசர் முன்னால் போட்டேன். மத்தியானத்துக்குள் நாற்காலி எனக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு மன்னிப்புக் கேட்கச் சொல்லி யாரும் வரவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் டீக்கடையில் அந்த நிபுணர் பேப்பரில் எழுதியதை எழுத்துக் கூட்டிப் படித்தேன். திருப்பூரில் ஆட்கள் குறையவில்லை, வேலை நேரம் குறைந்திருக்கிறது, அரசு அதைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. தானே கண்டுபிடித்ததாகவும் இருந்தது.

"உங்களப் பத்தி ஒரு வரி இல்லீங்களே ஆத்தா" என்று சூப்பர்வைசர் சிரித்தார்.

"நான் செக் பண்ற பனியன்ல என்ன எம்பேரா போடறீங்க?" என்றேன்.

அரை ஷிப்ட் உடனே வந்துவிடவில்லை. ஆனால் அது போகவில்லை என்று அதற்குப் பிறகு அவர் எங்கேயும் எழுதவில்லை.