அக்கரைக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார்

புளியாற்று அணையில் மீன் பிடிப்பவர்களில் அறிவுச்செல்வி ஒருத்திதான் பெண். திண்டுக்கல்லுக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது அந்த அணை. கரைக்குக் கீழே சின்னதாக ஒரு பவர் ஹவுஸ், மேற்கே காடு, தண்ணீருக்குள் கட்லாவும் ரோகுவும்.

அவளுடைய அப்பா வீரன் அங்கே பரிசலில் போய் மீன் பிடித்தவர். தோள்மூட்டு விலகி அவரால் துடுப்பைத் தூக்க முடியாமல் போனபோது, அறிவு சின்னாளப்பட்டியில் ஒரு சேலைக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். "கொஞ்ச நாளைக்கு நான் பாத்துக்கிறேன்ப்பா" என்று வந்தவள் திரும்பிப் போகவே இல்லை. கடைக்குள் நாளெல்லாம் சேலையை விரித்து மடித்துக்கொண்டிருந்தவளுக்கு, விடியலில் தண்ணீர் நடுவே தனியாக நிற்பது அத்தனை பிடித்துப்போயிற்று.

பெண் கேட்டு வந்தவர்களுக்குத்தான் அது பிடிக்கவில்லை. எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: கல்யாணத்துக்கு அப்புறம் வலையை விட்டுவிடுவாளா? மாட்டேன் என்றாள். வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

அப்புறம் நாகல் நகரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை முத்துக்கிருஷ்ணன், மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். அவர்கள் பெண் பார்க்க வரவிருந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அறிவு வலை எடுக்கப் போனாள். போட்ட வலையை எடுக்காமல் விட்டால் மீன் கெட்டுப்போகும். அணைக்கரையில் மீனை இறக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து குளித்துச் சேலை கட்டிக்கொள்ள நேரம் இருக்கும் என்பது அவள் கணக்கு.

மீனை இறக்கும்போதே அப்பாவின் போன் வந்தது.

"ஏத்தா, ரோட்டுல யானை நிக்குதாம். பாரஸ்ட்காரவுக வண்டிய விடலையாம். மாப்ள வீட்டுக்காரவுக அங்கிட்டே மாட்டிக்கிட்டாக."

அறிவின் ஊர் அணைக்கு அக்கரையில் இருந்தது. காட்டோரமாகச் சுற்றிப் போகும் அந்த ஒரு ரோட்டைத் தவிர வேறு வழி கிடையாது. அறிவு திரும்பிப் பார்த்தாள். மர நிழலில் ஒரு வேன். பக்கத்தில் பூவும் பழமும் வைத்த தட்டோடு ஒரு அம்மா, வேட்டி கட்டிய ஒரு பெரியவர், போட்டோவில் பார்த்த அதே முகத்தோடு ஒருவன்.

அவள் சுடிதாருக்கு மேல் அப்பாவின் பழைய சட்டையைப் போட்டிருந்தாள். தலையில் துண்டு. உடம்பெல்லாம் மீன் வாசம். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு நேரே போய்க் கேட்டாள்.

"அக்கரைக்கா போகணும்? பரிசல்ல வாரீகளா?"

முத்துக்கிருஷ்ணனின் அம்மா சண்முகவள்ளிக்குத் தண்ணீர் என்றால் பயம். தாய்மாமன் அழகர்தான் கையைப் பிடித்து ஏற்றினார். பரிசல் ஒரு சுற்றுச் சுற்றி நேரானது.

"ஏம்மா," என்று சண்முகவள்ளி தட்டை மடியில் இறுக்கிக்கொண்டே கேட்டாள், "இந்த வீரன் மக எப்படி?"

"வாய் கொஞ்சம் நீளம்மா. வேலை சுத்தமா இருக்கும்."

"சமைக்குமா?"

"மீன் கொழம்பு நல்லா வைக்கும். மத்தது சுமாருதான்."

"நெறமெல்லாம்?"

"வெயில்ல கெடக்குற பிள்ளைம்மா. என்னைய மாதிரித்தான் இருக்கும்."

அழகர் சிரித்தார். முத்துக்கிருஷ்ணன் சட்டென்று மலைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கல்யாணம் முடிஞ்சா இந்த வலை, பரிசலெல்லாம் விட்டுரும்ல?"

துடுப்பு ஒரு கணம் நின்றது. "விடாதும்மா."

சண்முகவள்ளி பதில் சொல்வதற்குள் பவர் ஹவுஸில் சங்கு அலறியது. அவள் மகனின் தோளைப் பிடித்தாள். பரிசல் ஆடியது.

"பயப்படாதீக. டர்பைன் ஓட விடப்போறாக. கீழ ஆத்துல குளிக்கிறவுக மேல ஏறட்டும்னு ஊதுறது."

"உள்ள போய்ப் பாக்க விடுவாங்களா?" முத்துக்கிருஷ்ணன் முதல்முறையாக வாயைத் திறந்தான். "அம்புட்டுப் பெரிய ஜெனரேட்டரை நான் பாத்ததே இல்லை."

"கேட்டா விடுவாக. நான் கேக்குறேன்."

அப்போதுதான் அழகர் கையை நீட்டினார். தூரத்துக் கரையில் யானைகள் தண்ணீருக்குள் இறங்கியிருந்தன. ஒரு குட்டி, தாயின் வயிற்றுக்கடியில் புகுந்து புகுந்து வெளியே வந்தது. அறிவு துடுப்பைத் தூக்கிவிட்டாள். சண்முகவள்ளி பயத்தையும் மறந்து, "பிள்ளையாரப்பா" என்று கும்பிட்டாள்.

அக்கரையில் வீரன் புதுச்சட்டையோடு நின்றார். "ஏத்தா, நீயா கூட்டியாந்த? இந்தக் கோலத்துலயா?" என்று தலையில் கைவைத்தார்.

சண்முகவள்ளி அறிவைப் பார்த்தாள். அப்புறம் மகனைப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமாடா?"

"ஏறும்போதே தெரியும்மா."

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "இம்புட்டு நேரம் பேச விட்டு வேடிக்கையா பாத்தீக?" என்று சொல்லி, வீட்டுக்குள் போய் ஒரு மூலையில் உட்கார்ந்தாள். அறிவு குளித்துச் சேலை கட்டி வந்தபோதும் நிமிரவில்லை. உடனே கிளம்பிவிடலாம் என்றால் ரோட்டில் யானை. மறுபடி பரிசலில் ஏற மனமில்லை. மதியம் ஆகிவிட்டது. அறிவு வைத்த கட்லா குழம்பைத் தட்டில் ஊற்றினார்கள். சண்முகவள்ளி பேசாமல் சாப்பிட்டாள். பிறகு பேசாமலே தட்டை நீட்டி, இன்னும் கொஞ்சம் என்று காட்டினாள்.

சாயங்காலம் யானைகள் விலகி வேன் வந்துசேர்ந்தது. கிளம்பும்போது முத்துக்கிருஷ்ணன் அறிவிடம் சொன்னான்: "இங்க சுத்தி அம்புட்டும் தோட்டம். பம்பு மோட்டாரு எரியாத வீடு இருக்காது. கடைய இங்கிட்டே போட்டா எனக்கும் வேலை ஓடும்."

மகனை ஊரைவிட்டு அனுப்பச் சண்முகவள்ளி லேசில் சம்மதிக்கவில்லை. அழுதாள், அண்ணனைத் தூது விட்டாள், கொஞ்ச நாள் மகனிடம் முகம் கொடுக்காமலும் இருந்தாள். அவன் எதிர்த்துப் பேசவும் இல்லை, வேறு பெண் பார்க்கவும் விடவில்லை. தை பிறந்ததும் அணைக்கரை அம்மன் கோயிலில் கல்யாணம் நடந்தது. பவர் ஹவுஸ் ஆட்களெல்லாம் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள்.

இப்போது அறிவு மாசமாக இருக்கிறாள். பரிசலில் ஏறக் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். வலையைச் சும்மா போட்டுவைக்க முடியாதே என்று முத்துக்கிருஷ்ணன் துடுப்பைக் கையில் எடுத்திருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். பரிசல் போகவே இல்லை; நின்ற இடத்திலேயே ராட்டினம் மாதிரிச் சுற்றியது.

"துடுப்ப முன்னால போட்டு இழுங்க!" என்று கரையிலிருந்து கத்தினாள் அறிவு.

"செத்த நேரம் அவனை விடு ஆத்தா," என்றாள், மருமகளைப் பார்க்க வந்து பக்கத்தில் நின்ற சண்முகவள்ளி. "சுத்திச் சுத்தியாச்சும் போகட்டும்."