பூக்குழியில் தண்ணீர்

சன்னாசியின் உதட்டோரத்தில் கொப்புளம் கிளம்பியது, காப்புக் கட்டுவதற்கு முதல் நாள். அதற்கு வேறு நாளே கிடைக்கவில்லை. கடுகு கடுகாக ஒரு கொத்து, உள்ளே நீர் கோத்துக்கொண்டு, வாயைத் திறந்தால் எரிந்தது. வருஷத்துக்கு ஒருமுறை வந்து தானாகக் காய்ந்துபோகிற சங்கதிதான். ஆனால் புக்கிட் பெலண்டோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தீமிதிக்கு ஐந்து நாள் இருக்கும்போது, கரகம் தூக்குகிறவன் முகத்தில் கொப்புளம் என்றால் சும்மா விடுவார்களா? அம்மை என்று ஒருத்தர் வாயைத் திறந்தால் போதும், கோயில் பக்கமே அவனை அண்டவிட மாட்டார்கள்.

அந்த வருஷம், தொண்ணூற்று மூன்றில், அவன் விட்டுக்கொடுக்கிற நிலையில் இல்லை. மந்தின் ஊரில் கட்டிக்கொடுத்த மகளுக்கு இரண்டு முறை கலைந்து, இப்போது ஏழு மாதம். அவள் நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க வேண்டும், அதற்காக இந்த வருஷம் பூக்குழி இறங்குகிறேன் என்று அம்மனிடம் வாக்குக் கொடுத்திருந்தான். அதனால் அவன் மனைவி நீலாவதியே அவனை மோட்டாரில் கிளப்பிக்கொண்டு போர்ட்டிக்சன் கிளினிக்குக்குப் போனாள். அவள் பால்மரம் வெட்டுகிறவள். ஒரு நாள் வேலை போனாலும் போகட்டும் என்றுதான் போனாள்.

இளவயது டாக்டர். கொப்புளத்தைப் பார்த்துவிட்டு ஒரு மாத்திரை கொடுத்தார், தினம் ஐந்து வேளை. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று மலாயில் இரண்டு தரம் சொன்னார். கிட்னியில் ஏதாவது கோளாறு உண்டா என்றும் கேட்டார். சன்னாசி பட்டென்று "தாக் அடா", இல்லவே இல்லை என்றான். கல் அடைத்து அவன் ஆஸ்பத்திரியில் சுருண்டு கிடந்ததும், ஒரு பக்கத்துக் கிட்னி பாதிதான் வேலை செய்கிறது என்று சொல்லி அனுப்பியதும் நீலாவதிக்குத் தெரியும். சொன்னால் மாத்திரையைத் திரும்ப வாங்கிக்கொள்வாரோ என்று அவளும் வாயை மூடிக்கொண்டாள். விரதத்தைப் பற்றி இருவருமே மூச்சு விடவில்லை. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துச் செய்கிற காரியம்தான் காலை வாரிவிடும்.

மறுநாள் கையில் மஞ்சள் காப்பு ஏறிவிட்டது. காப்புக் கட்டினால் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. பொழுது சாய்ந்து விளக்கு வைத்த பிறகு ஒருவேளைச் சோறு. பகலில் தண்ணீர்கூடத் தொடக் கூடாது. டாக்டர் செம்பு செம்பாகக் குடிக்கச் சொன்ன மனிதன், ஒரு மடக்குக் கோயில் தீர்த்தத்தில் மாத்திரையை விழுங்கினான். அம்மன் தீர்த்தமே மருந்து, அதில் மருந்தைப் போட்டால் இரட்டிப்பு மருந்து என்று விளக்கம் வேறு.

கொப்புளம் காயத் தொடங்கியது. காப்புக் கட்டிய மூன்றாம் நாள் பட்டப்பகலில், அவன் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான்.

"யாரு புள்ள இந்தப் பிள்ளைங்க? வரிசையா ஒக்காந்திருக்குதுங்க."

நீலாவதி பார்த்தாள். ஒரு ஜோடிச் சிலிப்பரும் அரிசிச் சாக்கும் இருந்தன.

அதற்குப் பிறகு சுவரெல்லாம் மரத்தில் கட்டுகிற பால் கோப்பைகள் ஊர்கின்றன என்றான். நாக்குக் குழறியது, நடையில் தள்ளாட்டம். செய்தி லயத்து வீடுகளில் பரவ எவ்வளவு நேரம்? பூசாரி ஆறுமுகம் வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா முன்கூட்டியே எறங்கிட்டா. பெரிய அருள்லா இது." நான்கு பேர் எலுமிச்சம்பழத்தோடு வந்து குறி கேட்டார்கள். பாவி மனிதன் அவர்களுக்குப் பின்னால் யாரையோ பார்த்து ஏதோ சொல்ல, அதையும் வாக்கு என்று வாங்கிக்கொண்டு போனார்கள்.

நீலாவதிக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. அவன்மேல் அம்மன் வந்ததை அவள் எத்தனையோ வருஷம் பார்த்திருக்கிறாள். அம்மன் வந்தால் அவனுக்குப் பெண்டாட்டி யார், பிள்ளை யார் என்று தெரியாது. பயம் என்பதே இருக்காது. இப்போதோ அவள் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு "போயிராத, போயிராத" என்றான். சாமி வந்தவன் எதற்குப் பயப்பட வேண்டும்?

"டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துரலாம் சாமி," என்று பூசாரியிடம் கெஞ்சினாள்.

"காப்புக் கட்டுனவன எல்லைய தாண்டச் சொல்றியா? ஒன் மவ வயித்துல புள்ள இருக்கு. அத நெனச்சியா?"

மகளை நினைத்து அவள் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். மாத்திரையை நிறுத்தலாம் என்றும் அவளுக்குத் தோன்றவில்லை. கொப்புளம் காய்கிறதே, மருந்து நல்ல மருந்துதானே என்று நினைத்தாள்.

தீமிதி அன்று சாயங்காலம் குழியில் கங்கு விசிறப்பட்டுச் செக்கச்செவேலென்று கிடந்தது. பத்தடி தள்ளி நின்றாலே முகம் காந்தியது. பறை அதிர்ந்தது. கரகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு சன்னாசி குழி முகப்பில் வந்து நின்றான். பெண்கள் வரிசையின் முன்னால் நீலாவதியும் அவளோடு மரம் வெட்டுகிற செல்லம்மாவும் நின்றார்கள். அவன் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"எவ்ளோ தண்ணி பாரு நீலா. பிள்ளைங்கல்லாம் குளிக்குதுங்க. தாகமா இருக்கு. எறங்கி ஒக்காந்துக்கறேன்."

பூக்குழியில் இறங்குகிறவன் நிற்காமல் நடக்க வேண்டும். நடந்தால்தான் அம்மன் காப்பாள். உட்கார்ந்தவனை யார் காப்பது? பூசாரி வேப்பிலையை உயர்த்திவிட்டார். கத்தினால் பறைச் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்காது. பிடித்து இழுத்தால், அருள் வந்தவனைத் தடுக்கிறாள் என்று இவளைத்தான் இழுத்துப் போடுவார்கள். ஊரே சேர்ந்து அவனைக் குழியில் இறக்கும். அவனைத் தடுக்க ஊருக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

கூட்டத்தைத் தடுத்துக் கட்டியிருந்த கயிற்றுக்கு அடியில் நுழைந்து ஓடி, இரண்டு கையாலும் அவனைக் கட்டிக்கொண்டாள். பறை தடுமாறி நின்றது.

"நான் தூரமா இருக்கேன். தொட்டுட்டேன். தீட்டாயிருச்சு."

கூட்டமே பின்வாங்கியது. மாதவிலக்கானவள் கோயில் மண்ணை மிதித்ததே பாவம். கரகக்காரனைத் தொட்டால் அவன் குழியில் கால் வைக்க முடியாது. பூசாரியின் முகம் கறுத்துவிட்டது. கரகத்தை அவசரமாக இறக்கினார்கள்.

"நெசமா? தெரிஞ்சேவா வந்த?"

நீலாவதி பதில் சொல்வதற்குள் செல்லம்மா முன்னே வந்தாள். "நெசந்தான் சாமி. காலையிலயே நான் அக்காகிட்ட வர வேணாம்னு சொன்னேன். கேக்கல." சொல்லிவிட்டு நிமிராமல் நின்றாள். வரிசையிலிருந்த பெண்களில் பாதிப் பேருக்கு உண்மை தெரியும். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

தீட்டுப்பட்ட காப்பை வைத்திருக்கக் கூடாது. பூசாரியே கத்தியால் அறுத்து எறிந்தார். அறுத்த பிறகு எல்லை ஏது? செல்லம்மாவின் புருஷன் தோட்டத்து லோரியில் அவனைச் சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

அங்கே இருந்த டாக்டர் மாத்திரை உறையை வாங்கிப் பார்த்தார். இந்த மருந்து சிறுநீரில்தான் வெளியே போக வேண்டும், பழுதான கிட்னி, தண்ணீரும் இல்லை, உள்ளேயே தங்கித் தலைக்கு ஏறிவிட்டது என்றார். அப்படி ஆனவர்களுக்கு இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியுமாம். மாத்திரையை நிறுத்திக் கையில் தண்ணீர் ஏற்றினார்கள். கட்டிலடிப் பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள் என்று அவனே பிற்பாடு சொன்னான்.

ஊர் மன்னிக்கவில்லை. மறுவருஷம் வரைக்கும் கோயில் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று நீலாவதியை ஒதுக்கினார்கள். அதை அவள் தாங்கிக்கொண்டாள். வேண்டுதலை முறித்துவிட்டோமே என்பதுதான் வயிற்றில் நெருப்பாகக் கிடந்தது. மந்தினில் பேத்தி பிறந்து அழுத பிறகுதான் அது அணைந்தது.

ஆஸ்பத்திரியில் புத்தி தெளிந்த அன்று சன்னாசி அவள் பக்கம் திரும்பிப் படுத்தான்.

"என்னத் தீட்டாக்கிட்டியாமே."

"ஆமா."

"ஒனக்குத்தான் நின்னு மூணு வருஷமாச்சே புள்ள."

அவள் டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். "குடிங்க."

"ஆத்தாகிட்டயே பொய் சொல்லிட்ட."

"அவளும் பொம்பளதானே," என்றாள் நீலாவதி. "அவளுக்குத் தெரியாதா?"

சன்னாசி எழுந்து உட்கார்ந்து டம்ளரை வாங்கினான். கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னான்.