ரீசெட் துளையில் குத்திய ஊசி

கடலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒன்பதாவதோடு படிப்பை விட்டு, கேபிள் டிவிக்கு ஒயர் இழுத்து, அப்படியே உள்ளே வந்தவன் நான். திரையில் வரும் ஆங்கிலம் முழுசாகப் புரியாது. எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் பச்சை எரிய வேண்டும் என்பது மட்டும் மனப்பாடம். ஒருநாள் எவனாவது கண்டுபிடித்துவிடுவான் என்ற பயம் எப்போதும் உண்டு.

சர்வர் ஆஸ்பத்திரியில் இருந்தது. ரத்தம் பார்க்கும் லேப் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம். குறுக்கே போட்ட ஒயரை லாரிகள் அறுத்துக்கொண்டே இருந்ததால், மதுரையிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்து, இரண்டு மாடியிலும் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி ஆன்டெனா வைத்துவிட்டுப் போயிருந்தார்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்த மறுவாரம் அந்த இணைப்பு விட்டுவிட்டு வந்தது. நர்ஸுகள் ரிசல்ட் சீட்டோடு ரோட்டைக் கடந்து ஓடினார்கள். மூன்றாம் நாள் காலை, உச்சிப்புளிப் பெரியவர் ஒருவரின் சர்க்கரைச் சீட்டு தேவிபட்டினத்துக்காரர் கைக்குப் போய்விட்டது. டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார்.

"சாயந்தரம் வரைக்கும் பாப்பேன். சரியாகலைன்னா மதுரைக்காரங்ககிட்டயே மொத்தத்தையும் ஒப்படைச்சிருவேன். நீ வேற எடம் பாத்துக்க."

மறுபடி கேபிள் கம்பத்தில் ஏற என் முட்டி இடம் கொடுக்காது.

சர்வரை அணைத்துப் போட்டேன். கம்ப்யூட்டர் ஒயர்கள் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியை மாற்றினேன். உப்புக்காற்றில் முனைகள் பச்சைக் களிம்பு பூத்திருக்கும் என்று எல்லா ஒயரையும் வெட்டிப் புதிதாக மாட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. பயந்துவிட்டால் எதையாவது அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும் எனக்கு. ஆஸ்பத்திரி மாடி ஆன்டெனாவின் அடியில் இருந்த ரீசெட் துளைக்குள் ஊசியை விட்டுப் பத்து எண்ணினேன். விட்டுவிட்டு வந்துகொண்டிருந்ததும் அதோடு நின்றது.

எதிரே லேப் மாடிக்கு ஓடினேன். ஆஸ்பத்திரியைப் பெருக்குகிற அக்கா அங்கே நெத்திலி காயப்போட்டிருந்தார். படகுக்குப் பெயின்ட் அடித்து மிச்சமான டின் மூடிகளைக் காக்கா விரட்டக் கயிற்றில் வரிசையாகக் கட்டியிருந்தார். அவை ஆன்டெனாவின் முகத்துக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தன.

"யக்கா, இதக் கட்டி எத்தன நாளாச்சு?"

"தடை முடிஞ்சு படகு கடலுக்குப் போனதுலருந்துதான். நீதானய்யா இங்கன காயப்போட்டுக்கன்னு சொன்ன?"

"மீனத்தான சொன்னேன். தகரத்தச் சொன்னனா?"

"அப்ப காக்காய்க்கு நீ வந்து கை தட்டுவியாக்கும்?"

கயிற்றை அறுத்தேன். பச்சை எரியவில்லை. அப்போதுதான் உறைத்தது. மூடிகள் மறித்தது ஒரு கோளாறு. இன்ஜினியர் போட்டுவைத்த எண், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் ஊசியால் அழித்தது நான். ஒன்றையும் குறித்து வைத்திருக்கவில்லை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். "என் தகரத்தாலதான்னு சொல்லிரு தம்பி. ரெண்டு நாளைக்கித் திட்டுவாக, அம்புட்டுத்தான்."

திட்டோடு போகாது, வேலைக்கே ஆபத்து என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு நிமிஷம் எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. பிறகு ஆஸ்பத்திரிக்குத் திரும்பி, மதுரை இன்ஜினியருக்குப் போன் போட்டேன்.

"சார், ரீசெட் அடிச்சுட்டேன்."

"யாருங்க அடிக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். பயத்துல அடிச்சேன்."

அவர் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். ஆங்கில எழுத்தில் சந்தேகம் வந்தபோதெல்லாம் மறுபடி கேட்டேன். வெட்கப்பட நேரமில்லை. இரண்டு தடவை தப்பாக அடித்தேன். மூன்றாவது தடவை, நாலு மணி சுமாருக்கு, பச்சை எரிந்தது.

டாக்டரம்மாவிடம் ஊசியைப் பற்றியும் சொன்னேன். மாடியில் காயப்போடச் சொன்னது நான்தான் என்பதையும் சொன்னேன்.

"அந்த நம்பரெல்லாம் இப்பவாச்சும் எழுதி வச்சியா?"

"வச்சிருக்கேம்மா."

"ரெண்டு ஜெராக்ஸ் எடு. ஒண்ணு என் டிராயர்ல வை."

நான் இருக்கப் போவதாலா, அடுத்து வருபவனுக்குக் கொடுக்கவா? கேட்கத் தைரியமில்லை. எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் காலையில் வேலைக்குப் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். வராதே என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.