தேயிலைப் பெட்டிக்குள் வைத்த கம்ப்யூட்டர்

சனிக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு ஸ்விட்சைப் போட்டோம். பவர் சப்ளையின் விசிறி அரைச் சுற்று சுற்றி நின்றுவிட்டது. திரை கறுப்பாகவே இருந்தது. முந்தின நாள் மாலை இதே சாமான்கள் எங்கள் குவார்ட்டர்ஸின் சாப்பாட்டு மேசையில் அருமையாக வேலை செய்தன. பிற்பகல் மூன்று மணிக்குத் தோட்ட ஆபீஸின் பெரிய கிளாக்கர் பார்க்க வருவதாக ஏற்பாடு.

நான் இலங்கையில் நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் டீமேக்கர். கொழுந்து ஃபேக்டரிக்குள் வந்தது முதல் தூளாகிப் பெட்டியில் ஏறும் வரை என் பொறுப்பு. கம்ப்யூட்டரைப் பற்றி எழுத எனக்கென்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றை வீட்டில் உருவாக்கினோம். அதை என் கையாலேயே கெடுக்கவும் பார்த்தேன். அந்தத் தகுதி போதும்.

துரை சொன்ன நிபந்தனை

என் மகள் மல்லிகா கொழும்பில் என் தங்கை வீட்டில் தங்கி ஒரு வருடம் கம்ப்யூட்டர் படித்தாள். திரும்பி வந்ததும் நேராகத் தோட்டத்து மேனேஜரான துரையிடம் போய், ஃபேக்டரியின் மாத ரிப்போர்ட்டை மெஷினில் போட்டுத் தருகிறேன் என்றாள். எந்த டிவிஷனில் எந்த நாள் எத்தனை கிலோ கொழுந்து, அதில் தேறிய தூள் எவ்வளவு என்ற ரிப்போர்ட் அது. ஓர் எண் பிசகினால் ஆபீஸில் முழுத் தாளையும் மறுபடி டைப் அடிப்பார்கள். துரை யோசித்துவிட்டு, மெஷினை நீயே கொண்டு வா, பெரிய கிளாக்கர் சரி என்றால் ஆபீஸில் வேலை என்றார்.

நாங்கள் சாமான் சேர்த்து முடிக்கும் நேரத்தில் அவளுக்கு மொனராகலைப் பக்கம் ஆசிரியர் நியமனக் கடிதமும் வந்தது. அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். நிரந்தர வேலை, பென்ஷன். பிள்ளையைப் பெற்றவன் வேறென்ன சொல்வான்? போ என்றேன்.

“மெஷின் ஓடலைன்னா போறேன்ப்பா,” என்றாள்.

மொஹிதீன் நானாவின் கடையில்

பதுளையில் ரேடியோக் கடை வைத்திருக்கும் மொஹிதீன் நானா கொழும்பிலிருந்து சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துவந்தார். அவர் கடைக் கண்ணாடி மேசைமேல் மல்லிகா தாளை விரித்து எழுதுவாள், அடிப்பாள், திரும்ப எழுதுவாள். நான் அவ்வளவு உற்சாகமாக வேறெந்தக் கடையிலும் நின்றதில்லை.

கலர் மொனிட்டர் வேண்டாம். எண்களைப் படிக்க மஞ்சள் எழுத்து போதும். ஹார்ட் டிஸ்க் கைக்கு எட்டாது. அதற்குப் பதில் ஃபிளாப்பி டிரைவ் இரண்டு, ஒன்றில் புரோகிராம், மற்றதில் நம் ரிப்போர்ட். மெமரி மட்டும் போர்டு ஏற்கும் அளவுக்கு முழுதாக. கீபோர்டில் அவள் ஒரு படிகூட இறங்கவில்லை. நாள் பூராவும் அடிக்கப் போவது என் விரல் என்றாள். ஸ்டெபிலைசர் கேட்டவன் நான். ஃபேக்டரியில் கொழுந்து உருட்டும் ரோலர் ஓடத் தொடங்கினாலே எங்கள் வீட்டு பல்ப் மங்கும்.

பவர் சப்ளைக்கு வந்தபோது நான் மலிவானதைக் கையில் எடுத்தேன். நானா அதை வாங்கி உள்ளே வைத்துவிட்டார்.

“டீமேக்கர், மத்த எல்லாத்துலயும் கொறச்சுக்கோங்க. இதுல கொறச்சீங்கன்னா இது எரியறப்போ எல்லாத்தையும் சேத்து எரிக்கும்.”

மல்லிகா கனமானதைத்தான் எடுத்தாள். இரும்புப் பெட்டி வாங்க மட்டும் கையில் மிச்சமில்லை. பெட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

ஈயத்தாள்

ஃபேக்டரியில் மூலை உடைந்து ஒதுக்கிய தேயிலைப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, அளவாக அறுத்து, காற்றுக்குத் துளை போட்டேன். உள்ளே ஒட்டியிருந்த ஈயத்தாளை முழுதாக உரித்துவிடச் சொன்னாள் மல்லிகா.

முப்பது வருடமாக என் எதிரி ஈரம். எங்கள் ஊர் மூடுபனி வீட்டுக்குள் வந்து உட்காரும். ஈரம் ஏறிய தூளை எந்த ஏலத்திலும் விற்க முடியாது. அந்த ஈயத்தாள்தான் கப்பலில் போகும் தேயிலையையே காப்பாற்றுகிறது, மெஷினைக் காப்பாற்றாதா? தாளை அப்படியே விட்டு அதன்மேல் பிரவுன் பேப்பரை நேர்த்தியாக ஒட்டினேன். உரித்தாயிற்றா என்று கேட்டாள். உரித்தாயிற்று என்றேன்.

வெள்ளி இரவு போர்டை உள்ளே பொருத்தினோம். கீழே முட்டுக்கு, பழைய ரப்பர் செருப்பை வெட்டிய துண்டுகள். ஆடக் கூடாதென்று திருகுகளை நான் பலமாக முறுக்கினேன்.

சனிக்கிழமை காலை விசிறி நின்றதும் மல்லிகா ஒவ்வொரு கார்டாகக் கழற்றிப் பார்த்தாள். மெமரி சிப்புகளை எடுத்துத் திரும்ப அழுத்தினாள். பதினொன்றரை ஆயிற்று. எல்லாவற்றையும் வெளியே எடுத்து மேசையில் வைத்துப் போட்டாள். திரையில் மெமரி எண்ணிக்கை ஏறியது, ‘பீப்’ என்றது. பெட்டிக்குள் திருகினாள். அரைச் சுற்றோடு நின்றது.

“வெளிய ஓடுது, உள்ள ஓடலை. இந்தப் பெட்டிக்குள்ள என்னப்பா இருக்கு?”

ஈயத்தாளை உரிக்கவே இல்லை என்று சொன்னேன்.

அவள் போர்டைத் தூக்கி, பிரவுன் பேப்பரின் ஓரத்தை நகத்தால் கிழித்தாள். வெள்ளியாக மின்னியது. பேப்பர் முழுக்க ஊசி குத்தியது போல் துளைகள். நான் முறுக்கிய முறுக்கில் ரப்பர் நசுங்கி, போர்டின் அடியிலிருந்த கம்பி முனைகள் ஈயத்தாளைத் தொட்டிருந்தன. முழு போர்டும் ஷார்ட்.

“அந்த வேலைக் கடுதாசிக்காகச் செஞ்சீங்களா?” என்று கேட்டாள்.

நியமனக் கடிதம் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

“ஈரம் ஏறிடும்னு நெனச்சேன்ம்மா. உரிச்சேன்னு பொய் சொன்னது தப்பு.”

அவள் கத்தியை எடுத்து நீட்டினாள். “அந்தப் பக்கத்தை நீங்க உரிங்க.”

ஈயத்தாளை இருவரும் மரம் தெரியும் வரை சுரண்டினோம். ரப்பரை இரட்டையாக வைத்தாள். இந்த முறை திருகுக்குப் பக்கத்தில் என்னை விடவில்லை. இரண்டு ஐம்பதுக்கு ஸ்விட்சைப் போட்டாள். விசிறி சீராகச் சுற்றியது. எண்கள் ஏறின. ‘பீப்’. நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஷார்ட் ஆன ஒவ்வொரு தடவையும் அந்தக் கனமான பவர் சப்ளை தானாக நின்றுகொண்டதால்தான் போர்டு பிழைத்தது. நீங்கள் யாராவது மெஷின் பொருத்தினால் கரண்ட் தரும் சாமானில் மிச்சம் பிடிக்காதீர்கள். உங்கள் தொழில் கற்றுத் தந்த பாடத்தை அடுத்தவர் தொழிலுக்குள் கேட்காமல் கொண்டுபோகாதீர்கள்.

மூன்று மணிக்குப் பெரிய கிளாக்கர் வரவில்லை. மூன்றரைக்கு மழை பிடித்தது. நான் வாசலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருந்தேன். நாலு மணி தாண்டி, ரிப்போர்ட் ஃபைலை ரெயின்கோட்டுக்குள் கட்டிப்பிடித்தபடி பெரிய கிளாக்கர் ஆரோக்கியசாமி வந்து சேர்ந்தார். பெட்டியை விரலால் தட்டினார்.

“என்னங்க டீமேக்கர், லண்டனுக்கு ஏத்துறதுக்கு வச்சிருந்ததா?”

மல்லிகா முந்தின நாளே அடித்து வைத்திருந்த மாத ரிப்போர்ட்டைத் திரையில் கொண்டுவந்தாள். அவர் ஃபைலோடு வரி வரியாக ஒத்துப் பார்த்தார். ஒன்றும் பிசகவில்லை. பதினாலாம் தேதி மேல் டிவிஷன் கொழுந்தில் இருபது கிலோவைக் குறைக்கச் சொன்னார். அவர் பென்சிலைச் சீவி முடிப்பதற்குள் அடிவரிக் கூட்டல்கள் எல்லாம் மாறியிருந்தன. தானே தாளில் கூட்டிப் பார்த்தார். இன்னொரு தேதியைச் சொன்னார். அதுவும் மாறியது. பென்சிலைச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு, தரையில் கிடந்த ஈயத்தாள் குவியல் என்ன என்று கேட்டார். மல்லிகா ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டாள்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவளிடம் சொன்னார்: “திங்கக்கெழம ஏழரைக்கு ஆபீசுக்கு வந்துரும்மா. பொட்டியத் தூக்க நான் ரெண்டு ஆள் அனுப்புறேன். அப்பாவத் தூக்க விடாத.”